பிழைகளும் விடுபட்டவையும்

எண்ணூர் விரைவுச் சாலை எடைமேடையில்
எனக்குப் பகல் ஷிப்ட்.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
சரக்கோடு ஒரு எடை, வெறும் வண்டி ஒரு எடை,
கழித்துச் சீட்டுக் கிழிப்பேன்.
நாட்டுக்கும் மொத்தம், நிகரம் என்று இரண்டு உண்டாம்.
தேய்ந்த டயரை நிகரத்தில்தான் கழிப்பார்களாம்.
மொத்தத்தில் எல்லா டயரும் புதுசு.

குரூப் டூ மூன்றாவது தடவை எழுதுகிறேன்.
போன முறை பொருளாதாரத்தில்தான் கவிழ்ந்தேன்.
மேசைக்கடியில் புத்தகம்,
மேலே நிலக்கரித் தூள்.
பக்கம் திருப்பினால் விரல் கறுக்கும்.

"நெறஞ்ச பெட்டி இழுக்கறது சுளுவும்மா," என்றார் மஸ்தான் பாய்,
"காலிப் பெட்டிதான் பேஜாரு.
கடல் காத்து தள்ளிக்கினே இருக்கும்."
துறைமுகத்துக்குள் அன்று அவர் கொண்டுபோனது
மூன்றும் காலி.
வெளியே கொண்டுவந்த மூன்றும் நிறைசுமை.
வணிகப் பற்றாக்குறை என்று எழுதி
ஓரத்தில் அவர் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டேன்.
மறக்காது.

வளர்ச்சி விகிதம் எனக்கு வீட்டிலேயே புரிந்தது.
லேத் பட்டறை மூடிய வருஷம்
எட்வின் மாதம் நாலாயிரம் கொண்டுவந்தான்.
அடுத்த வருஷம் எட்டாயிரம்.
நூறு சதவீதம்! எந்த தேசம் வளர்ந்தது இப்படி?
பட்டறை ஓடியபோது பதினாறாயிரம்.
அதை அந்தச் சதவீதம் சொல்லாது, அதன் வேலை அது இல்லை.
விழுந்த இடத்திலிருந்து அளந்தால்
எழுந்து உட்கார்ந்ததே உயரம்.

அடிப்படை ஆண்டு என்று ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறது புத்தகம்.
வைத்துக்கொண்டேன்:
காசிமேட்டில் சங்கரா கிலோ நூற்றிருபது விற்ற வருஷம்.
அந்த மீனில் கணக்குப் போட்டால்
போன ஆடியில் ஏறிய ஐந்நூறு ரூபாய்
செதிலாக உதிர்கிறது.

மூலதனக் கணக்கில்தான் முதலில் குழம்பினேன்.
மஸ்கட்டிலிருந்து நாத்தனார் அனுப்புவது நடப்புக் கணக்கு.
திரும்பக் கேட்கமாட்டாள்.
குத்திக்காட்டுவாள், அதற்குத் தலைப்பு கிடையாது.
டோல்கேட் பைனான்சில் வாங்கிய நாற்பதாயிரம்
மூலதனக் கணக்கு.
வந்த அன்று ராத்திரி பிரியாணி.
பீரோவைத் திறந்து திறந்து பார்த்தான் எட்வின்.
பணம் வந்தது நிஜம்,
வருமானம் என்று நினைத்ததுதான் பிசகு.
செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்த விருந்தாளி அது.
இன்னொன்றும் உண்டு, பரீட்சையில் கேட்பார்கள்:
அசல் மூலதனக் கணக்கு வழியாக வெளியே போகும்,
வட்டி நடப்புக் கணக்கு வழியாக.
ஒரே வியாழக்கிழமை, ஒரே ஆள்,
ஒரே பைக்.
நம் வீட்டுக்கு ஒரே வாசல்.

கடைசியில் எல்லாம் கூட்டினால்
பூஜ்யம் வரவேண்டும் என்பது விதி.
வராது. வராதென்று அவர்களுக்கும் தெரியும்.
அதனால் அட்டவணையின் அடியில்
நேர்மையாக ஒரு வரி விட்டிருக்கிறார்கள்:
பிழைகளும் விடுபட்டவையும்.
அதைப் படித்த மதியம்
இரண்டு லாரிகளைக் காக்கவைத்துவிட்டேன்.

போன மாதம் என் நோட்டு
ஆயிரத்து எண்ணூற்றைம்பது உதைத்தது.
எட்வின் பார்த்தான், கேட்கவில்லை.
அவன் பக்கம் ஓர் அறுநூறு.
டீ என்றான், பஞ்சர் என்றான், பிறகு சும்மா இருந்தான்.
நானும் கேட்கவில்லை.
அடியில் கோடு போட்டு அந்த வரியை எழுதினேன்,
பக்கத்தில் இரண்டாயிரத்து நானூற்றைம்பது.
"இன்னாது இது?" என்றான்.
"ரிசர்வ் பேங்க்கே எழுதுது," என்றேன்.

என்னுடையது எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.
அவனுடையது அவனுக்கு.
விளக்கை அணைத்தபின்
ரொம்ப நேரம் கழித்துச் சிரித்தான்,
எதற்கென்று சொல்லாமல்.
ரோட்டில் ஒரு காலிப் பெட்டி
கடகடத்துக்கொண்டு போனது.